சேடை ஓட்டின அன்னிக்கு வந்த விமானம்

போன வாரம் நவரைக்குச் சேடை ஓட்டினோம். பட்டணத்தில் இருந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வரி: வயலில் தண்ணி கட்டி, டிராக்டருக்கு இரும்புக் கேஜ் வீல் மாட்டி, மண்ணும் தண்ணியும் கூழாகிற வரைக்கும் ஓட்டுறதுதான் சேடை. மத்த ஜில்லாக்களில் சேத்துழவு என்பார்கள். நாத்துக்கு 25 நாள் ஆகிவிட்டது. நடவு ஆட்கள் ரெண்டு நாள் கழித்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆட்களைப் பிடிக்க நான் பட்ட பாடு தனிப் பதிவு. அதனால அன்னிக்கு ஓட்டியே ஆகணும்.

பனி விலக எட்டு மணி ஆச்சு. டிராக்டர் இறங்கி அரை ஏக்கர் முடிந்திருக்கும். அப்பதான் தென்மேற்குப் பக்கம் இருந்து அது வந்தது.

இறங்குகிற விமானம் தூரத்தில் சத்தம் போடாது. முதலில் விளக்குதான் தெரியும். அப்புறம் அந்த விளக்குக்குப் பின்னாடி சாம்பல் நிறத்தில் உடம்பு தெரியும். சக்கரத்தை எல்லாம் கீழே விட்டு, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, அசையாமல் நிற்கிற மாதிரியே வரும். கிட்ட வந்த பிறகுதான் அது எவ்வளவு வேகம் என்று தெரியும். என் வயலைத் தாண்டும்போது 300 அடி உயரம் இருந்தால் அதிகம். தாண்டிப் போய் வேலிக்கு அந்தப் பக்கம் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் டயர் புகை லேசாக எழும்பியது. ஆனால் நிற்கவில்லை. ஓடிக்கொண்டே எஞ்சினை முறுக்கி, மறுபடி ஏறிப் போனது. அந்த ஏறுகிற சத்தம்தான் நெஞ்சைத் தட்டுகிற சத்தம். ஒரு பெரிய சுற்றுச் சுற்றி ஏழெட்டு நிமிஷத்தில் திரும்ப வந்தது. திரும்பத் தொட்டது. திரும்ப ஏறிப் போனது.

இதுக்கு 'டச் அண்ட் கோ' என்று பேர். இறங்கிப் பழகுறது. ஒவ்வொரு தடவையும் முழுசாக இறங்கி, நின்று, திரும்பி வந்து ஏறினால் நேரமும் போகும், பிரேக்கும் சூடாகும். அதனால் தொட்டதும் பக்கத்தில் இருக்கிற வாத்தியார் இறக்கையின் பின்மடிப்பைப் புறப்படுகிற அளவுக்கு மாற்றிவிடுவார், பழகுகிறவர் எஞ்சினை ஏற்றுவார். ஒரு மணி நேரத்தில் ஏழு, எட்டு இறக்கம் பழகிவிடலாம். கம்ப்யூட்டர் பொம்மை விமானத்தில் எவ்வளவு பழகினாலும் நிஜக் காத்தில் பழகுறது வேற. நாங்களும் அப்படித்தான். நைனா எனக்கு ஏர் பழக்கினப்போ வயலின் தலைமாட்டில் மாட்டைத் திருப்புறதை மட்டும் ஒரு முழு நாள் செய்ய வைத்தார். நேராக ஓட்ட யாராலயும் முடியும், திருப்பத்தில்தான் கலப்பை மாட்டுக் காலைக் குத்தும் என்பார்.

இது அரக்கோணம். கடல் இங்கிருந்து அறுபது, எழுபது கிலோமீட்டர். ஆனாலும் கடற்படையின் விமானதளம் எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஐ.என்.எஸ். ராஜாளி. 1992-ல் கடற்படை இதைத் திறந்தது. அதுக்கு முன்னாடி இரண்டாம் உலகப் போர் காலத்து ஓடுதளம். நாட்டிலேயே நீளமான ஓடுபாதைகளில் இதுவும் ஒன்று. வெளியூரில் இருந்து வருகிற சொந்தக்காரங்க எல்லாம் 'கப்பலே இல்லாத ஊர்ல கப்பல் படையா' என்று ஒரு தடவையாவது கேட்காமல் போக மாட்டார்கள். (படம் ஏன் போடவில்லை என்று கேட்காதீங்க. ராணுவ இடம். போன் எடுத்துத் தூக்கிப் பிடிக்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது.)

சுற்றிச் சுற்றி வந்தது பி-8ஐ என்கிற விமானம். நீங்கள் டெல்லிக்கோ மும்பைக்கோ போன போயிங் 737 உடம்புதான். நீளம் 39 மீட்டர் சொச்சம், முழுப் பாரத்தோடு 85 டன். ஆனால் ஜன்னல் வரிசை இருக்காது. இறக்கையின் நுனி பயணி விமானத்தில் மேலே மடங்கி இருக்குமே, இதில் மடங்காமல் பின்னால் சரிந்து கூராகப் போகும். வாலில் ஒரு நீண்ட குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், தேள் கொடுக்கு மாதிரி. கடலுக்கு அடியில் போகிற நீர்மூழ்கியின் இரும்பு, பூமியின் காந்தத்தில் உண்டாக்குகிற சின்ன மாறுதலைக் கண்டுபிடிக்க அந்தக் குச்சி. அமெரிக்கா தனக்குச் செய்துகொண்ட பி-8ஏ-வில் அது கிடையாது, நம்ம கடற்படை கேட்டு வாங்கியது. முதல் விமானம் 2013 மே மாதம் இங்கே வந்தது. எட்டு இங்கே, அப்புறம் வாங்கின நாலு கோவாவில்.

அதுக்கு முன்னாடி இருந்தது ரஷ்யாக்காரனுடைய டியு-142. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். இறக்கையின் ஒரு நுனியில் இருந்து மறு நுனிக்கு 50 மீட்டர். நாலு எஞ்சின், ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக ரெண்டு காத்தாடி, எதிரெதிராகச் சுத்தும். நைனா அதுக்கு 'எட்டுக் காத்தாடி' என்று பேர் வைத்திருந்தார். அது வந்த புதுசில் எங்க வீட்டு மாடு ரெண்டு நாள் பாலை அடக்கிக்கொண்டது. மூணாவது நாள் மாடும் பழகிவிட்டது, நாங்களும் பழகிவிட்டோம். 2017 மார்ச்சில் அதுக்கு ஓய்வு கொடுத்தார்கள். நைனா அதுக்கு முந்தின வருஷமே போய்விட்டார். இருந்திருந்தால் 'எட்டுக் காத்தாடி ரிட்டையர் ஆயிடுச்சாடா' என்று வருத்தப்பட்டிருப்பார்.

இந்த விமானங்களைப் பற்றி ஊரில் யாரும் குறை சொல்லி நான் கேட்டது கம்மி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கினப்போ பயணி விமானங்கள் ராஜாளியில்தான் இறங்கின. கலர் கலராக விமானம் இறங்குறதைப் பார்க்க வரப்பு முழுக்கக் கூட்டம். அடுத்த வருஷம் ஜூலையில் தாம்பரத்தில் இருந்து அந்தமான் கிளம்பின விமானப்படையின் ஏ.என்.-32, 29 பேரோட காணாமல் போனது. இங்கிருந்து பி-8ஐ ராத்திரி பகல் பார்க்காமல் தேடிப் போயிற்று. தூக்கம் கெட்டுப் படுத்திருந்தவங்ககூட 'கெடைச்சுதாமா' என்றுதான் காலையில் கேட்டார்கள். கிடைக்கவில்லை. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், கடலுக்கு அடியில் 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் உடைசல் இருந்ததாகப் பேப்பரில் வந்தது.

சரி, சேடைக்கு வருகிறேன்.

சேடை ஓட்டும்போது டிராக்டர் தனியாகப் போகாது. பின்னாடியே கொக்கு வரும். சேத்தைப் புரட்டினால் பிள்ளைப்பூச்சி, மண்புழு, தவளை, நண்டு எல்லாம் மேலே வரும். அதைத் தின்ன வெள்ளைக் கொக்கு, உண்ணிக்கொக்கு, மடையான், மைனா, கரிச்சான் என்று பெரிய கல்யாணக் கூட்டம். அன்னிக்கு நூறுக்குக் குறையாது. வெளியூர்க்காரங்க போட்டோ எடுக்கிறதே இந்தக் காட்சியைத்தான்.

எங்க ஊர்க் கொக்கு விமானச் சத்தத்துக்கு எழும்பாது. பிறந்ததில் இருந்து கேட்கிற சத்தம். ஆனால் டிராக்டர் வயல் முனையில் திரும்பும்போது மொத்தமாக எழும்பி, ஒரு வட்டம் அடித்து, பின்னாடி இறங்கும்.

விமானம் நாலாவது சுற்று வந்துகொண்டிருந்தது. டிராக்டர் மேற்கு முனையில் திரும்பியது. வெள்ளையாக எழும்பியது கூட்டம். நான் வரப்பில் மண்வெட்டியோடு நின்று ரெண்டையும் ஒரே பார்வையில் பார்த்தேன். மேலே சாம்பல் நிற வயிறு, கீழே வெள்ளை மேகம். விமானம் என் வயலுக்கு வரும் முன்னாடியே எஞ்சின் சத்தம் மாறியது. மூக்கு மேலே போனது. சக்கரம் உள்ளே மடங்கியது. தரையைத் தொடாமலே ஏறிப் போய்விட்டது.

இறங்க வந்து இறங்காமல் ஏறிப் போறதும் பழகுகிற பாடத்தில் ஒன்று என்று எனக்குத் தெரியும். பல தடவை பார்த்திருக்கேன். ஆனாலும் அன்னிக்கு வயித்தில் ஒரு புரட்டல். ஓடிப்போய் டிராக்டருக்கு முன்னாடி கையை நீட்டினேன்.

"தம்பி, வண்டிய நிறுத்துப்பா."

"இன்னாணா, டீசல் ரோதனையா?"

"இல்ல. ஏரோப்ளேன் போயிடட்டும். கொக்கு எழும்புது பாரு."

அவன் மேலே பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். "அந்தாம் பெரிய ஏரோப்ளேன கொக்கு இன்னாணா பண்ணும்? பக்கத்து ஊர்ல ரெண்டு ஏக்கரா நிக்குது. மணிக்கு 1,400 ரூபா. நிறுத்தினாலும் மீட்டரு ஓடும், சொல்லிட்டேன்."

"ஓடட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர மனசு கணக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. மும்முனை மின்சாரம் பத்தரைக்குப் போய்விடும். அதுக்குள்ள மீதி மேட்டு வயலுக்குத் தண்ணி ஏறணும். இவன் கோவித்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போனால் நாளைக்குத்தான் வருவான். நாளைக்கு வராவிட்டால் நடவு ஆட்கள் வந்து வரப்பில் உட்கார வேண்டியதுதான்.

வண்டியை நிறுத்தினதும் கொக்கெல்லாம் சேத்தில் இறங்கி அமைதியாக நடந்து மேய்ந்தது. தலைக்கு மேல விமானம் இன்னும் நாலு தடவை வந்தது, நாலு தடவையும் தொட்டுப் போனது. ஒரு கொக்குகூடத் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை. டிராக்டர்காரத் தம்பி மட்கார்டில் உட்கார்ந்து போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். நாற்பது நிமிஷம். அப்புறம் விமானம் முழுசாக இறங்கி நின்றுவிட்டது. தம்பி சும்மா நின்ற நேரத்துக்குப் பாதி வாடகை வாங்கிக்கொண்டான். பாதி விட்டுக்கொடுத்தானே, அதுவே பெரிசு.

ராத்திரி தூக்கம் வரவில்லை. பையனோட போனை வாங்கித் தேடிப் படித்தேன். படித்ததில் தூக்கம் இன்னும் போனது. 1980 நவம்பரில், ஸ்காட்லாந்தில் கின்லாஸ் என்கிற விமானதளம். அங்கேயும் இதே மாதிரி கடல் பார்க்கிற விமானம்தான், நிம்ராடு என்று பேர். கிளம்பி மேலே ஏறின உடனே கடல்காக்கைக் கூட்டத்தில் புகுந்தது. எஞ்சின்கள் பறவையை விழுங்கிச் சக்தி இழந்தன. விமானிகள் ரெண்டு பேரும் அதைப் பக்கத்துக் காட்டு மரங்கள் மேலே தட்டையாக இறக்கினார்கள். உள்ளே இருந்த 20 பேரில் 18 பேர் பிழைத்தார்கள். அந்த விமானிகள் ரெண்டு பேரும் போய்விட்டார்கள். 1995 செப்டம்பரில் அலாஸ்காவில் அமெரிக்க விமானப்படையின் பெரிய வேவு விமானம் ஒன்று, நாலு எஞ்சின். ஓடுபாதையை விட்டு எழும்பும்போது வாத்துக் கூட்டம். இடது பக்கத்து ரெண்டு எஞ்சினும் போச்சு. 24 பேர், ஒருத்தரும் மிஞ்சவில்லை.

நம்ம விமானத்துக்கு இருக்கிறதே ரெண்டு எஞ்சின்.

டிராக்டர்காரத் தம்பி நியாயமாகத்தான் கேட்டான், கொக்கு என்ன பண்ணும் என்று. யோசித்துப் பார்த்தால் கொக்கு உண்மையிலேயே அவ்வளவு பண்ணாது. அது எழும்பினால் ஒரு பனைமர உயரம். அதுக்கு மேல போனால் பார்க்கிறது அபூர்வம். விமானம் அதைவிட நாலு மடங்கு உயரத்தில் போகிறது. நான் நாற்பது நிமிஷம் டிராக்டரை நிறுத்தினது பாதி பயத்தில் செய்த காரியம். அப்ப 300 அடியில், 500 அடியில் யார் சுத்துகிறது? பருந்து.

இதை நினைத்ததும் எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது. உங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எங்க ஊர் ஏரிக்கரை ஓரம் தினம் சாயந்திரம் மூட்டை மூட்டையாகக் கோழிக் கழிவு வந்து விழும். இறகு, குடல், தலை. காலை வெயில் ஏறினதும் அதுக்கு மேலே கள்ளப்பருந்துகள் வட்டம் போட ஆரம்பிக்கும். இறக்கையை அடிக்காமல், சூடான காத்தில் மிதந்து மிதந்து மேலே போகும். அந்த இடம் விமானம் இறங்குகிற நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில்தான். இதுக்குச் சட்டமே இருக்கிறது. 1937-ஆம் வருஷத்து விமான விதிகளில் 91-ஆவது விதி. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவையை இழுக்கிற மாதிரி கழிவு கொட்டக் கூடாது, கால்நடை அறுக்கக் கூடாது. உழவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதாவது, நான் டிராக்டரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் நிறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே ஆறேழு வருஷமாக நான் அந்தக் கரையில் சைக்கிளில் போய் வருகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்றால், கடை என் பெரியப்பா பையனோடது. பங்காளி. ஏற்கனவே வாய்க்கால் விஷயத்தில் எங்களுக்குள்ள ரெண்டு வருஷம் பேச்சு இல்லாமல் இருந்து, போன ஆடியில்தான் கோயில் கூழ் ஊத்தும்போது சேர்ந்தோம். மனு எழுதிக் கொடுக்கலாம், யாரோ என்னமோ என்று இருந்துவிடலாம். ஆனால் எழுதினது யார் என்று இந்த ஊரில் மறுநாளே தெரிந்துவிடும். அதைவிட நேரில் போறது மேல் என்று பட்டது.

நடவு முடிந்த அன்னிக்குச் சாயந்திரம் போனேன். கடையில் கூட்டம் இல்லை. சுத்தி வளைக்காமல் சொன்னேன்.

"அண்ணா, கழிவு ஏரிக்கரைல போடறத நிறுத்தணும். பருந்து ஏறுது. ஏரோப்ளேன் இறங்குற வழி அது."

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இத்தினி வருசமா பருந்து இல்லையாடா? ஏரோப்ளேன் வுழுந்துச்சா?"

"வுழுந்த அப்புறம் பேச முடியாதே."

"நான் ஒருத்தன் போடறது மட்டும்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா? ரோட்டு மேல இருக்கிறவன் போடறது தெரியல?"

"அவன் எனக்கு அண்ணன் இல்லையே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நியாயமான கேள்வி ஒன்று கேட்டார். "சரிடா, தினம் பதினஞ்சு, இருவது கிலோ. எங்க போடறது? என் வூட்டுக்குள்ளயா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போயிருந்தேன். மேட்டு நிலத்தில் தென்னைக்குப் பக்கத்தில் ஒரு மூலை சும்மா கிடக்கிறது. ஆழமாகக் குழி வெட்டி, கழிவு ஒரு அடுக்கு, மண்ணும் சாணியும் வைக்கோலும் ஒரு அடுக்கு என்று மூடினால் பருந்து வராது. ஆறு மாசத்தில் தென்னைக்கு எருவும் ஆகும். நாய் தோண்டாமல் மேலே முள்ளும் கல்லும் போடணும். குழி என் செலவு, கொண்டுவந்து போட்டு மூடுறது அவர் வேலை என்று சொன்னேன்.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரம்மா வேற ஒன்றும் சொல்லவில்லை. "ஊர்க் குப்பைய நம்ம நெலத்துக்கு இட்டாற கெளம்பிட்டீங்களா? நாத்தம் வந்துச்சுன்னா அந்த ஏரோப்ளேன்காரனையே வந்து மூடச் சொல்லுங்க" என்றார். அதில் உள்ள நியாயமும் எனக்குத் தெரியும். முதல் ரெண்டு நாள் மண் பத்தாமல் நாத்தம் வந்தது. மூணாவது நாள் ஒரு வண்டிச் செம்மண் கொட்டினேன்.

பெரியப்பா பையன் இன்னிக்கு வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுவந்து போடுகிறார். ஒரு நாள் மட்டும் வரவில்லை, கேட்டதுக்கு மழைத்தூறல் என்றார். ரோட்டுக் கடைக்காரரிடம் அவரே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பேசினாரா என்று இன்னும் கேட்கவில்லை.

நேத்துக் காலையில் விமானம் மறுபடி பழக வந்தது. வாடைக் காத்துதான், அதனால் எங்க தலைக்கு மேலேதான் இறக்கம். பறவையும் விமானமும் காத்தை எதிர்த்துத்தான் இறங்கும். காத்துத் திரும்பினால் எங்க பக்கம் ஏறிப் போகும், அப்போ சத்தம் ரெண்டு மடங்கு. நட்ட பயிர் பச்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. வரப்பில் உட்கார்ந்து, விமானத்தை விட்டுவிட்டு ஏரிக்கரைக்கு மேலே எண்ணினேன். குழி வெட்டுறதுக்கு முந்தின நாள் எண்ணினப்போ 31 இருந்தது. நேத்து 14.